குட்டியானைக்கு ஏன் ஆட்டோமேட்டிக் கியர் வரவில்லை?

போன மே மாசம் அக்கா மகன் சென்னையிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தான். முந்திரி சீசன் முடியப்போகிற நேரம். தோப்பில் பத்து மூட்டை கொட்டை கட்டி அடுக்கிக் கிடந்தது. மறுநாள் காலையில் சரக்கு வந்தாகணும் என்று பண்ருட்டி வியாபாரி சொல்லிவிட்டார். நம்ம குட்டியானையை வழக்கமாக ஓட்டுகிறவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். அன்றைக்குப் பார்த்து அவருக்கு இடது முழங்கால் வீங்கிப்போய், திண்ணையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நான் ஓட்டுறேன். ஆறு வருஷமா கார் ஓட்டுறேன்ல" என்றான் மருமகன்.

சாவியைக் கொடுத்தேன். தோப்பிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கு. செம்மண், மேலே மணல். அங்கே வண்டி ஆஃப் ஆனது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினான். ஒரு குலுக்கு குலுக்கி மறுபடியும் ஆஃப். நாலாவது தடவை கிளட்ச் கருகுகிற வாசனை வந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பொடிப்பசங்க சிரித்துவிட்டார்கள். அவன் ஒன்றும் பேசாமல் இறங்கி எனக்கு இடம் விட்டான். அவனுடைய கார் ஆட்டோமேட்டிக். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினதோடு கிளட்சை மறந்துவிட்டான்.

நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ஆண்டிமடம் தாண்டினதும் கேட்டான்: "அமெரிக்காவுல பிக்கப் எல்லாம் ஆட்டோமேட்டிக்தான் மாமா. இங்க மட்டும் ஏன் இன்னும் இந்தக் கியர் ராடைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் யோசிக்க யோசிக்க, அது கியரைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை, வண்டியில் யார் உட்காரலாம், யார் கால் தேயலாம் என்கிற கேள்வியும் அதுக்குள்ளே இருக்குன்னு பட்டது. அதனால் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில் கியர் எதுக்கு என்று பார்த்துவிடலாம். சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்குத் தெரியும். கிளம்பும்போதுதான் உயிர் போகும். உருள ஆரம்பித்துவிட்டால் பாரம் பாதியாகிவிடும். டீசல் இன்ஜினுக்கும் அதே கதைதான். அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் இழுவை இருக்கும். மெதுவாகச் சுற்றச் சொன்னால் நின்றுபோகும். நின்றுகொண்டிருக்கிற சக்கரத்தையும் சுற்றிக்கொண்டிருக்கிற இன்ஜினையும் நேராகக் கோர்க்க முடியாது. நடுவில் இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, வழுக்கி வழுக்கி ஒட்டுகிற கிளட்ச். இன்னொன்று, வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிற பல்சக்கரப் பெட்டி. அதுதான் கியர்பாக்ஸ்.

பிரான்சில் பனார் லெவாசோர் என்கிற கம்பெனி 1891 வாக்கில், ஒரு தண்டில் பல்சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடு ஒன்று மாட்டுகிற கியர்பாக்ஸை காரில் வைத்தது. ரொம்ப முரட்டு ஏற்பாடு. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்போது மாட்டினால் சத்தமில்லாமல் உள்ளே போகும். இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கரகரவென்று கத்தும். அந்த ஒரே வேகத்தைக் கண்டுபிடிக்கிற வேலை டிரைவருடைய காதுக்கும் காலுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் பிக்கப் வண்டியின் பிறப்பைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி காரின் பின்னால் சரக்குப் பெட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே செய்து விற்றது 1925-ல். அமெரிக்க விவசாயியின் பிக்கப் அங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வார்கள். அந்த வண்டியில் நாம் நினைக்கிற மாதிரி கியர் ராடு கிடையாது. இடது கால் பெடலை அமுக்கினால் மெதுவான கியர், விட்டால் டாப் கியர். ரிவர்ஸுக்குத் தனிப் பெடல். முன்னே போக மொத்தம் இரண்டே கியர். குதிரை வண்டி ஓட்டின ஆளை அப்படியே மோட்டார் வண்டிக்குக் கொண்டுவர ஹென்றி ஃபோர்டு பிடித்த வழி அது. கியரை மாற்றத் தெரியாதவனும் ஓட்டணும் என்கிற எண்ணம் முதல் பிக்கப்பிலேயே இருந்திருக்கிறது.

1928-ல் கேடிலாக் காரில் சிங்க்ரோமெஷ் வந்தது. பல்சக்கரம் மாட்டுவதற்கு முன்னால் ஒரு வளையம் உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கிவிடும். பிறகு பல் சத்தமில்லாமல் உள்ளே போகும். டிரைவருடைய காது செய்துகொண்டிருந்த வேலையை ஒரு பித்தளை வளையம் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முழு ஆட்டோமேட்டிக். ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல், ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் ஓல்ட்ஸ்மொபில் காருக்குக் கொண்டுவந்தது. இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா? அதே வேலையைக் காற்றுக்குப் பதில் எண்ணெயில் செய்கிறார்கள். இன்ஜின் ஒரு விசிறியைச் சுற்றும். எண்ணெய் போய் அடுத்த விசிறியைத் தள்ளும். வண்டி நின்றாலும் இன்ஜின் நிற்காது, எண்ணெய் மட்டும் வழுக்கும். கியரை உள்ளே எண்ணெய் அழுத்தமே மாற்றிவிடும். இரண்டாம் உலகப்போரில் இதையே டாங்கிகளில்கூட வைத்தார்கள். 1953-ல் ஃபோர்டின் எஃப்-100 பிக்கப்பில், வேண்டும் என்கிறவர்களுக்கு ஆட்டோமேட்டிக் கிடைத்தது. அதன்பிறகு அங்கே கியர் ராடு ஒவ்வொரு வண்டியாகக் காணாமல்போனது. அங்கத்துப் பெரிய பிக்கப்களில் கடைசியாகக் கியர் ராடு வைத்திருந்தது ரேம் கம்பெனி. அதுவும் 2018-ஓடு நின்றது. மருமகன் சொன்னது உண்மைதான்.

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

1947-ல் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. 1954-ல் டாடா, ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டோடு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1955-லிருந்து எண்ணூரில் அசோக் லேலண்ட். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது பார்த்த மோட்டார் வண்டிகள் இவைதான். ஜீப்பில் மூன்று கியர். அதில் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி அசைந்துகொண்டிருக்கும்போது ஃபர்ஸ்ட் போட்டால் ஊர் முழுக்கக் கேட்கும்.

அந்தக் கால லாரிகள் பலவற்றிலும் அப்படித்தான். டபுள் கிளட்ச் போடணும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வரணும். கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தூக்கு தூக்கணும். மறுபடியும் கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைத் தள்ளணும். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள்ளே நடக்கணும். ஒரு மேடு ஏறி இறங்கினால் இடது கால் எத்தனை தடவை மிதிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வித்தை சும்மா கிடைக்காது. அண்ணன் 1980-களில் கிளீனராகத்தான் லாரி ஏறினார். முதல் வருஷம் வண்டி கழுவுறது, தார்ப்பாய் கட்டுறது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தட்டிச் சொல்றது, இவ்வளவுதான். டிரைவர் கியர் மாற்றும்போது இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பாராம். ராத்திரி காலி வண்டியில், ரோட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, டிரைவர் பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். கியர் கத்தினால் முதுகில் ஒரு அடி. "கியர் கையில வராதுடா, காதுல வரணும்" என்று அவருடைய டிரைவர் சொல்வாராம்.

காதில் வந்தவன் டிரைவர். வராதவன் கடைசிவரை கிளீனர். ஊரில் டிரைவருக்கு ஒரு மரியாதை இருந்தது என்றால், இந்த வித்தை பத்துப் பேருக்குத்தான் தெரியும் என்பதால்தான். முந்திரி வைத்திருந்தவனும் நெல் வைத்திருந்தவனும் லாரிக்காகக் காத்துக் கிடந்தான். லாரி நிறையச் சரக்கு இல்லாத சின்ன விவசாயி வியாபாரி சொன்ன விலைக்குக் களத்திலேயே கொடுத்தான். இல்லையென்றால் மாட்டுவண்டி கட்டினான்.

முதல் மாற்றம் 1980-களில் வந்தது. அரசாங்கம் ஜப்பான் கம்பெனிகளைக் கூட்டுச் சேர அனுமதித்தது. டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி என்று நாலு வண்டிகள் வந்தன. இவற்றுக்குப் பதில் சொல்ல டாடா 1986-ல் 407-ஐ இறக்கியது. லாரி மாதிரி இல்லாமல் சின்ன வண்டி, சிங்க்ரோமெஷ் கியர். டபுள் கிளட்ச் தெரியாதவனும் ஓட்டலாம். லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் நடுவில் ஒரு படி முளைத்தது. இன்றைக்கும் 407 ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கு.

இரண்டாவது மாற்றம் 2005. அந்த வருஷம் மே மாசம் டாடா ஏஸ் வந்தது. 700 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி, முக்கால் டன் பாரம், முன்னே நாலு கியர். விலை சுமார் இரண்டேகால் லட்சம். வடக்கே சோட்டா ஹாத்தி என்று கூப்பிட்டார்கள். நம்ம ஆட்கள் குட்டியானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இலங்கையில் இதே வண்டிக்குப் பட்டா என்று பெயர். இந்த வண்டியைத் திட்டமிட்டபோது கம்பெனிக்காரர்கள் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர்களைப் போய்ப் பார்த்தார்களாம். அதில் ஒருத்தர், நாலு சக்கர வண்டி இருந்தால் ஊரில் பெண் கிடைப்பது சுலபம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் விஷயம் இருக்குங்க. லாரியில் டிரைவர் வேறு, முதலாளி வேறு. குட்டியானையில் இரண்டும் ஒரே ஆள்.

பிறகு 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன் பாரத்துக்கு. பொலேரோ பிக்கப் ஏற்கெனவே இருந்தது. இவற்றால் எங்களுக்கு நடந்த நன்மையைச் சொல்லணும் என்றால், பத்து மூட்டை வைத்திருக்கிறவனும் பண்ருட்டி வரை போய் விலை கேட்டுவிட்டு வரலாம் என்று ஆனது. சட்டமும் கொஞ்சம் இடம் கொடுத்தது. சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்குக் கீழே உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி அனுமதி வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. கியர் சுலபமாக, வண்டி சின்னதாக, லைசென்ஸ் எளிதாக, ஓட்டுகிற ஆட்களும் பெருகிக்கொண்டே வந்தார்கள்.

சரி, இவ்வளவு வந்தும் ஆட்டோமேட்டிக் ஏன் வரவில்லை?

நம்ம நாட்டில் ஆட்டோமேட்டிக் பிக்கப்பே இல்லை என்று நினைக்காதீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஆந்திரா ஸ்ரீசிட்டியில் செய்கிற இசுசு வி-கிராஸ் 2019-லிருந்து ஆட்டோமேட்டிக்கிலும் கிடைக்கிறது. 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸிலும் உண்டு. ஆனால் அதில் முந்திரி மூட்டை ஏற்றி நான் பார்த்ததில்லை. ஒரகடத்திலேயே ஆலிசன் என்கிற அமெரிக்கக் கம்பெனி கனரக வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்கிறது. சுரங்கத்தில் ஓடுகிற பெரிய டம்பர்களில் ஆட்டோமேட்டிக் ரொம்ப காலமாக இருக்கு. மலையைப் பெயர்க்கிற வண்டிக்கும் இருக்கு, பணக்காரர் வண்டிக்கும் இருக்கு. நடுவில் இருக்கிற நம்ம லோடு வண்டிக்கு மட்டும்தான் வரவில்லை.

காரணம் கேட்டால் மெக்கானிக் நாலு சொல்வார். நாலும் சரியானதுதான்.

ஒன்று விலை. மூன்று, நாலு லட்சத்துக்கு வண்டி வாங்குகிறவனுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான கூடுதல் பணம் ஒரு வருஷத்துத் தவணை மாதிரி.

இரண்டு ரிப்பேர். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் புளியமரத்தடியில் ஜாக்கி போட்டு இறக்கி, மாற்றி, சாயங்காலத்துக்குள் வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறக்க அதுக்கென்று படித்த ஆள் வேணும், தனிக் கருவி வேணும், தனி எண்ணெய் வேணும். அதுக்கு நாங்க திருச்சியோ சென்னையோ போகணும்.

மூன்று பேட்டரி. கியர் வண்டியில் பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிக்கொண்டே போகலாம், ஸ்டார்ட் ஆகாது.

நாலு பாரம். முக்கால் டன் என்று எழுதியிருந்தால் ஒரு டன் ஏற்றுவது நம்ம பழக்கம். பெருமைக்குச் சொல்லவில்லை, நடக்கிறதைச் சொல்கிறேன். எண்ணெய் வழுக்கி வழுக்கி இழுக்கிற பெட்டியில் அவ்வளவு பாரம் ஏற்றினால் எண்ணெய் சூடாகும். சூடானால் பெட்டி சீக்கிரம் போகும்.

கார்களில் இதுக்கு ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டி. அதே பழைய கியர்பாக்ஸ், அதே கிளட்ச். ஆனால் காலுக்கும் கைக்கும் பதில் ஒரு சின்ன இயந்திரம் கிளட்சை அமுக்கிக் கியரை மாற்றும். விலையும் குறைவு, மைலேஜும் அடி வாங்காது. மருமகனுடைய கார் அந்த வகைதான். குட்டியானை ஓட்டுகிறவனுக்கு அதையாவது கொடுத்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றும்.

இங்கேதான் ஐந்தாவது காரணம் வருது. அது மெக்கானிக் சொல்லாத காரணம். அமெரிக்காவில் பிக்கப் வைத்திருக்கிற விவசாயியே அதை ஓட்டுகிறான். தேய்கிறது அவனுடைய கால். அதனால் காசு கொடுத்து ஆட்டோமேட்டிக் வாங்கினான். ஆள் வைத்தாலும் அங்கே கூலி அதிகம். நம்ம பக்கம் வாடகை பேசும்போது டீசலுக்குக் கணக்கு உண்டு, ஏற்று கூலி, இறக்கு கூலிக்குக் கணக்கு உண்டு, சுங்கச்சாவடிக்கு உண்டு, டயர் தேய்மானத்துக்குக்கூட உண்டு. இடது காலுக்குக் கணக்கு கிடையாது. கால் சும்மா கிடைக்கிற இடத்தில் காலுக்குப் பதில் ஒரு இயந்திரத்தை யார் காசு கொடுத்து வைப்பார்கள்?

அண்ணன் காலைப் பார்த்த டாக்டர், வயசும் ஒரு காரணம், கிளட்சும் ஒரு காரணம் என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் மிதித்த கால். எங்க தெருவிலேயே போலியோவில் இடது கால் சூம்பிப்போன ஒருத்தர் இருக்கார். கணக்கில் கெட்டிக்காரர், ரோடு எல்லாம் அத்துப்படி. லோடு வண்டி வைத்துப் பிழைக்கணும் என்று ஆசைப்பட்டார். கிளட்ச் இருக்கிறவரை அது அவருக்கு நடக்காது. வண்டி ஓட்டப் பழக ஆசைப்பட்ட பெண்கள் எத்தனை பேர் அந்தப் பெடலின் கனத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆம்பளைங்க வண்டி" என்று ஒதுங்கிப்போனார்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், கியர் இல்லாத லோடு வண்டி எங்களுக்குப் புதுசே கிடையாது. நாற்பது வருஷத்துக்கு மேலாக எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிறது. டிவிஎஸ் 50.

1980-ல் ஓசூரிலிருந்து வந்த வண்டி அது. கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்கிற வேலை கிடையாது. உள்ளே இருக்கிற கிளட்ச் கட்டைகள், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது ராட்டினத்தில் உட்கார்ந்தவன் மாதிரி வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, தானே போய் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்டால் தானே விலகும். அவ்வளவுதான். இதுவும் ஒரு ஆட்டோமேட்டிக்தானே? மீன்காரர் கூடையை வைத்தார், பால்காரர் கேனைத் தொங்கவிட்டார், நாங்கள் காலுக்கு நடுவில் ஒரு மூட்டையும் பின்னால் ஒரு மூட்டையும் வைத்தோம். அறுபது வயசுத் தாத்தா ஓட்டினார். பெண்கள் ஓட்டினார்கள். கியர் வண்டிக்குத் தனி, கியர் இல்லாத வண்டிக்குத் தனி என்று இருசக்கர லைசென்ஸே இரண்டு வகை ஆனது. கியரை எடுத்தவுடன் யார் யாரெல்லாம் வண்டியில் ஏறினார்கள் என்பதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம், நம்ம தெருமுனை போதும்.

அதுக்கும் ஒரு குறை இருந்தது. கியர் இல்லாததால் மேட்டில் திணறும். பழைய டிவிஎஸ் 50-க்கு சைக்கிள் மாதிரி பெடல் இருந்தது. பாரத்தோடு ஏரிக்கரை ஏறும்போது கூடச் சேர்ந்து மிதிப்போம். அப்படியும் ஏறாவிட்டால் இறங்கித் தள்ளுவோம். நான் முதலில் சொன்ன இன்ஜின் விஷயம்தான் இது. மெதுவாகச் சுற்றும்போது அதுக்கு இழுவை கிடையாது. சின்ன வண்டியில் இறங்கித் தள்ளிவிடலாம். ஒரு டன் வண்டியைத் தள்ள முடியுமா? அதனால் லோடு வண்டிக்குக் கியர் இருந்தே தீரணும் என்று ஆனது.

அந்தக் கட்டாயத்தை உடைத்தது மின்சார மோட்டார். மோட்டாருக்கு நிற்கிற நிலையிலேயே முழு இழுவை உண்டு. கிணற்று மோட்டாருக்குக் கியர் போட்டா தண்ணீர் எடுக்கிறோம்? 2022 மே மாசம் டாடா ஏஸ் இவி அறிவித்தார்கள். 36 குதிரைசக்தி மோட்டார், 600 கிலோ பாரம். பழைய குட்டியானையின் 16 குதிரைசக்தியோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். 2024-ல் ஒரு டன் ஏற்றுகிற வண்டியும் வந்தது. கிளட்ச் இல்லை, கியர் ராடு இல்லை. முன்னே போக, பின்னே போக ஒரு திருகு, இரண்டு பெடல்.

லேண்ட்லைன் போன் வராத எங்க ஊர் வீடுகளுக்கு நேரே செல்போன் வந்தது மாதிரி இதுவும் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காக்காரன் கியர் ராடிலிருந்து ஆட்டோமேட்டிக்குப் போய், அங்கிருந்து மின்சாரத்துக்குப் போகிறான். நாங்கள் நடுவில் இருக்கிற படியை மிதிக்கப்போவதில்லை. எண்ணெய்ப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக் எங்க ஊருக்கு வந்து சேர்வதற்குள், பெட்டியே தேவைப்படாமல் போய்விடும்.

அதுக்காகக் கியரை நான் குறைத்துப் பேசவில்லை. கொல்லிமலையில் எழுபது வளைவு இறங்கும்போது, செகண்ட் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற சுகம் ஓட்டினவனுக்குத்தான் தெரியும். அண்ணன் மாதிரி ஆட்கள் காதால் கற்ற வித்தை அடுத்த தலைமுறைக்கு வேண்டாமல் போகும். அவர் வாங்கின மரியாதையும் அதோடு போகும். போலியோக்காரருக்கு வழி திறக்கிற அதே நாளில், அண்ணனுடைய வித்தைக்கு விலை குறையும். இரண்டையும் சேர்த்தேதான் பார்க்கணும்.

இரண்டு மாசம் முன்னால் ஜெயங்கொண்டத்தில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்க மின்சார வண்டி ஒன்று வந்து நின்றது. அண்ணன் சும்மா இருக்கமாட்டார். டிரைவர் பையனிடம் கேட்டு ஏறி உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்ட் வரை ஓட்டிவிட்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மெதுவாகும் ஒவ்வொரு தடவையும் அவருடைய இடது கால் வெறும் தரையை மிதித்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் மிதித்தது.

இறங்கினதும் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "பண்ருட்டி போயிட்டு வருமாடா?"

நாங்க போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏஸ் இவி ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்பது சான்றிதழ்க் கணக்கு. பாரத்தோடும் வெயிலோடும் அது குறையும். வழியில் சார்ஜ் போட இடம் பார்க்கணும், விலையும் எங்களுக்கு எட்டாது. "இப்போதைக்கு இல்லண்ணே" என்றேன். "சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

பழைய குட்டியானைக்கு மருமகன் புண்ணியத்தில் புது கிளட்ச் பிளேட் போட்டாச்சு. அடுத்த லீவுக்கு அவன் வரும்போது தோப்பு மேட்டில் மறுபடியும் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வருஷத்திலிருந்து ஒரு நடை அண்ணன், ஒரு நடை நான் என்று மாற்றிக்கொண்டோம். அவர் ஓட்டுகிற நடைக்குப் பேட்டாவையும் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறேன். எதுக்குடா என்று கேட்டார். காலுக்கு என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.